காரணம்: வந்தான்

சிவன்மலையான் துணை

திருப்பூர்
16-7-2025

தங்கை சித்ராதேவிக்கு அண்ணன் ராஜவேல் எழுதுவது.

இங்கே அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. நீ நல்ல தெம்பாக இருப்பதை வீடியோவிலேயே பார்த்துவிட்டோம். அதனால் உன் உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லை.

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். அதனால்தான் சாம்பிள் பீஸ் அனுப்புகிற கூரியரில் இதை அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். கிடைக்கவில்லை என்று பிறகு நீ சொல்ல முடியாது.

உங்கள் பல்கலைக்கழகத்தில் டைவர்சிட்டி டிரெய்னிங் நடக்கிறதாம். எல்லோரையும் சமமாக நடத்துவது எப்படி என்று ஆறு மணி நேரம் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழும் தருவீர்களாம். அதற்கு நீதான் பொறுப்பாளராம். இருந்துவிட்டுப் போ. ஆனால் முதல் நாளே மைக்கைப் பிடித்துக்கொண்டு நானூறு பிள்ளைகளுக்கு முன்னால் நம் வீட்டைச் சந்திக்கு இழுக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும். “எங்க அப்பாவோட பனியன் கம்பெனியில வீரணன்னு ஒருத்தன் இருந்தான். கமுதிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவன். எனக்கு ஆறு வயசு, அவனுக்கு இருபத்தெட்டு. டேய் வீரணா, இங்க வாடான்னு கத்துவேன். கையைக் கட்டிக்கிட்டு வந்தான், நின்னான், சிரிச்சான். எங்க அப்பா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். என்னைத் திருத்தவே இல்லை.” இதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

அதோடு விட்டாயா? வீரணன் மகள் விஜயராணி உன்னிடம்தான் பிஎச்.டி. பண்ணுகிறாள். மூன்றாவது வரிசையில் இருந்த அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, “அந்த வீரணனோட பொண்ணு இவதான்” என்று கையைக் காட்டினாய். மொத்தக் கூட்டமும் கைதட்டியது. அவள் தலையைத் தூக்கவே இல்லை.

சேவூர் மாமா கூப்பிட்டு, “ஏனுங்க மாப்ள, உங்க அப்பன் அப்படிப்பட்ட ஆளுங்களா?” என்று கேட்கிறார். நம்மிடம் சரக்கு எடுக்கிற பையர் ஆபீஸிலிருந்தும் கேட்டுவிட்டார்கள். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பதில் சொல்ல அவர் இல்லை. நெட்டில் போட்டிருக்கிற அந்த வீடியோவை எடுத்துவிட்டு, நீ சொன்னது தப்பு என்று எழுதிப் போடு.

அம்மா உனக்கு எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

இன்னமும் உன் அண்ணனாக இருக்கிற
ராஜவேல்


கோவை
25-7-2025

அண்ணனுக்கு வணக்கம்.

கூரியர்க்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார். நிம்மதியாக இருங்கள். நான் சுகம். அம்மாவை ஆடி வெள்ளிக்கு வெயிலில் நடக்கவிடாதீர்கள், ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்.

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. சேவூர் மாமா என்ன நினைப்பார், பையர் என்ன நினைப்பார் என்பதுதான் உங்கள் கவலை. உங்கள் கம்பெனிச் சுவரில் ‘இங்கு பாகுபாடு இல்லை’ என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு போர்டு இருக்கிறதே, அது பையர் ஆட்கள் ஆடிட்டுக்கு வருகிற அன்று மட்டும் ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வரும் என்பதை நான் மேடையில் சொல்லவில்லை. அந்த அளவுக்கு உங்களைக் காப்பாற்றியிருக்கிறேன்.

வீரணன் மேல் எனக்கு இருக்கிற பாசத்தில் கால் பங்கு உங்களுக்கு உண்டா? என்னைத் தினமும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டான். எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை தேடி அலைந்தான். அவன் மகளுக்கு இங்கே ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்க நான்தான் நான்கு பேரிடம் பேசினேன். அவளை எழுந்து நிற்கச் சொன்னது அவமானப்படுத்த அல்ல, பெருமைப்படுத்த. அவள் தலை குனிந்தது கூச்சம். உங்களுக்கு எல்லாமே தப்பாகத்தான் தெரியும்.

எங்கள் பயிற்சியில் முதல் பாடமே இதுதான்: தன் வீட்டு அநியாயத்தைத் தானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் சொன்ன பிறகு பதினோரு பேர் எழுந்து சொன்னார்கள். துணைவேந்தர் கூப்பிட்டுப் பாராட்டினார். ஜனவரியில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்களுக்கும் இந்த வீடியோவைத்தான் காட்டப்போகிறோம்.

வீடியோவை எடுக்க மாட்டேன்.

சித்ரா


சிவன்மலையான் துணை

திருப்பூர்
11-8-2025

சித்ராதேவிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். நீ சொல்லித்தான் நான் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

உனக்கு மட்டும்தான் வீடியோ எடுக்கத் தெரியுமா? நானும் ஒன்று எடுத்தேன். வீரணனைக் கட்டிங் டேபிள் முன்னால் நிறுத்தி, மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னேன். “முப்பத்தஞ்சு வருசமா இங்கதாங்க இருக்கேன். நல்லா வெச்சிருக்காங்கங்க. ஒரு கொறையும் இல்லீங்க” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். போனைப் பார்க்காமல் துணியைப் பார்த்தே சொன்னான், அது ஒன்றுதான் குறை. பையர் ஆபீஸுக்கு அனுப்பினேன். திருப்தி என்று பதில் வந்துவிட்டது. இனி நீ என்ன பேசினாலும் எனக்குக் கவலை இல்லை.

ஆனால் நீ எனக்கு எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. விஜயராணி மூன்று வாரமாக இங்கே வீரணன் குடியிருக்கிற லைன் வீட்டில்தான் இருக்கிறாள். அவளைப் பெற்ற ராமாயி வந்து நம் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஹாஸ்டலில் அவளுக்குப் பேரே இல்லையாம், ‘வீரணன் பொண்ணு’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். மெஸ்ஸில் வேண்டுமென்றே எழுந்து இடம் கொடுக்கிறார்களாம். உன் கடிதம் வந்தபோதே அவள் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்துவிட்டாள். நீயானால் கூச்சத்தில் தலை குனிந்தாள் என்று எனக்கு எழுதுகிறாய்.

உன் பாடத்தை முதலில் நீ ஒழுங்காகப் படி.

ராஜவேல்


கோவை
20-8-2025

அன்புள்ள விஜிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் எடுக்கவில்லை. அண்ணனிடம் விலாசம் கேட்க மனமில்லாமல் அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

விடுதியில் பிள்ளைகள் ஏதோ சொன்னார்களாம். அதற்குப் போய்ப் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்காரலாமா? பெயர்களை எழுதிக் கொடு, நடவடிக்கை எடுக்கிறேன். அதற்குத்தான் இந்தச் சமவாய்ப்பு மையமே இருக்கிறது. நீ கஷ்டப்பட்டு மேலே வந்த பெண். நீ எங்கள் எல்லோருக்கும் ஓர் எடுத்துக்காட்டு. உன்னைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

நான் உன்னை மாணவியாக நினைக்கவில்லை, எங்கள் வீட்டுப் பெண்ணாகத்தான் நினைக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் கட்டப் பயிற்சி. அதில் நீயே மேடையேறி உன் அனுபவத்தைப் பேசினால் எல்லாக் கேலியும் அடங்கிவிடும். யோசித்துச் சொல்.

வீரணனிடமும் ராமாயியிடமும் நான் ரொம்பக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
சித்ரா மேடம்


திருப்பூர்
16-9-2025

மதிப்பிற்குரிய மேடத்துக்கு,

வணக்கம். நலம். உங்கள் நலம் வேண்டுகிறேன்.

வழிகாட்டியை மாற்றிக்கொள்வதற்கான படிவம் இத்துடன் இருக்கிறது. பேராசிரியர் கலைமகள் அவர்கள் என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இப்போதைய வழிகாட்டியாகிய தாங்கள் ‘ஆட்சேபம் இல்லை’ என்று கையெழுத்திட்டால் போதும். டிசம்பர் 31க்குள் படிவம் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகவில்லை என்றால் என் பதிவு ரத்தாகிவிடும். மூன்று வருட வேலை வீணாகும்.

மேடையேறிப் பேச எனக்கு விருப்பம் இல்லை. யார் மேலும் நடவடிக்கை வேண்டாம்.

இப்படிக்கு
வீ. விஜயராணி


கோவை
28-9-2025

அண்ணனுக்கு,

நலம்தானே? சர்க்கரைக்கு வேறு டாக்டரைப் பார்த்தீர்களா? எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை.

உங்களைவிட்டால் இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். விஜயராணி என்னை விட்டு வேறு வழிகாட்டியிடம் போகப் பார்க்கிறாள். படிவம் அனுப்பியிருக்கிறாள். அதில் ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. சாதாரணமாக உடல்நிலை, ஆராய்ச்சித் தலைப்பு மாற்றம் என்று ஏதாவது எழுதுவார்கள். இவள் ஆங்கிலப் படிவத்தில் தமிழில் மூன்று சொல் எழுதியிருக்கிறாள்: ‘வந்தான். நின்றான். சிரித்தான்.’ அவ்வளவுதான்.

நான் மேடையில் சொன்ன சொற்கள்தான், அது புரிகிறது. அதில் என்ன தப்பு? வீரணன் வந்தான், நின்றான், சிரித்தான். நடந்ததைத்தானே சொன்னேன்? நம் தப்பைத்தானே சொன்னேன், அவன் தப்பையா சொன்னேன்? துறையில் இரண்டு பேரிடம் காட்டினேன். அவர்களுக்கும் புரியவில்லை. நீங்கள் வீரணனிடம் கேட்டுப் பாருங்கள். மகள் அவனிடமாவது சொல்லியிருப்பாள்.

கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. ஜனவரியில் மதிப்பீட்டுக் குழு வரும்போது, சமவாய்ப்பு மையப் பொறுப்பாளரின் சொந்த மாணவியே அவரை விட்டு ஓடினாள் என்றால் எனக்கு என்ன மரியாதை? யார் யாரிடமோ பல்லைக் காட்டி அவளுக்கு இடம் வாங்கியவள் நான். ஒரு வார்த்தை நேரில் வந்து சொல்ல வேண்டாமா? கும்பிட்டுக் கேட்கக்கூட இல்லை, ‘கையெழுத்திட்டால் போதும்’ என்கிறாள்.

சித்ரா


சிவன்மலையான் துணை

திருப்பூர்
12-10-2025

அன்புள்ள சித்ராவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மா தீபாவளிக்குச் செய்த முறுக்கு இத்துடன் இருக்கிறது. நொறுங்கியிருந்தால் கூரியர்க்காரரைத் திட்டிக்கொள். “சித்ரா சாப்டறாங்களா இல்லையான்னு கேட்டு எழுதுங்க கண்ணு” என்று அம்மா சொன்னார். எழுதிவிட்டேன்.

வீரணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “எனக்கு என்னங்க தெரியும், அது படிச்ச புள்ளைங்க” என்றான். பார்வை ஒரு மாதிரி இருந்தது. அவனுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறான்.

மற்ற விஷயத்தில் நீ செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு. இந்த விஷயத்தில் நீயும் நானும் ஒரே பக்கம். நம் வீட்டுப் பழைய சேலையைக் கட்டி வளர்ந்த பெண். உன்னால் மேலே வந்துவிட்டு, உனக்கே மூன்று சொல்லில் புதிர் போடுகிறாள். திமிர். கையெழுத்துப் போடாதே. டிசம்பர் வரைக்கும் வைத்திரு. தேதி நெருங்கினால் தானாக வந்து நிற்பாள். அப்போது காரணத்தை ஒழுங்காக எழுதச் சொல்.

தீபாவளிக்கு வருவதாக இருந்தால் வா. மாமா வந்தால் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அன்புடன்
ராஜவேல் அண்ணன்


திருப்பூர்
5-11-2025

மதிப்பிற்குரிய மேடத்துக்கு,

வணக்கம். இங்கே நலம்.

படிவம் போய் ஐம்பது நாள் ஆகிறது. காரணம் புரியவில்லை என்று துறையில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களாம். உங்கள் அண்ணன் என் அப்பாவைக் கட்டிங் ஹாலிலேயே நிறுத்திக் கேட்டிருக்கிறார். இனி அவரிடம் யாரும் கேட்க வேண்டாம் என்பதற்காக நானே எழுதுகிறேன்.

உங்கள் பேச்சை நீங்கள் மறுபடி கேட்டதுண்டா? நான் கேட்டேன். எங்க அப்பா உட்கார்ந்திருந்தார் என்கிறீர்கள். வீரணன் நின்னான் என்கிறீர்கள். அடுத்தடுத்த வாக்கியம். உங்கள் அப்பா ‘ர்’, என் அப்பா ‘ன்’. நடுவில் மைக் கரகரத்தது. அதைச் சரிசெய்ய ஒரு தம்பி வந்தான், இருபது வயது இருக்கும். “அவங்க பார்த்து முடிக்கட்டும்” என்று காத்திருந்தீர்கள். பிறகு மறுபடியும் ‘அவன் சிரிச்சான்’ என்று தொடர்ந்தீர்கள்.

ஆறு வயதில் ‘வாடா’ என்றதற்காக அழுதீர்கள். அழுதுகொண்டே, நாற்பது வயதில், அறுபத்திரண்டு வயது மனிதரை ‘அவன், அவன்’ என்று சொன்னீர்கள். நானூறு பேர் கேட்டார்கள். ஒருவருக்கும் காது உறுத்தவில்லை. எனக்கு மட்டும் உறுத்தியது. அந்த நேரத்தில்தான் என்னை எழுந்து நிற்கச் சொன்னீர்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் சொல்லுக்குச் சொல் ‘ங்க’ போடுகிற வழக்கம் இல்லை. பெரியவர்களை ‘அவுக வந்தாக’ என்போம். என் அம்மா அப்பாவை ‘அவுக’ என்றுதான் சொல்வார். திருப்பூர் வந்து கட்டிங் கற்றுக்கொள்வதற்கு முன்னால் அப்பா ‘ங்க’ போடக் கற்றுக்கொண்டார். உங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கும் “சாப்பிடுங்க கண்ணு” என்பீர்கள். கேட்டால் கொங்கு நாட்டு மரியாதை என்பீர்கள். அந்த மரியாதை முப்பத்தைந்து வருடமாக எங்கள் அப்பா பக்கத்தில் வந்ததும் நின்றுவிடுகிறது.

ஆகஸ்டில் நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்திலும் ‘வீரணனிடம் கேட்டதாகச் சொல்’ என்று இருக்கிறது. என்னிடமே. ‘உன் அப்பாவிடம்’ என்றுகூட உங்களுக்கு வரவில்லை.

நீங்கள் என்னை மேடை முன்னால் நிறுத்தினீர்கள். உங்கள் அண்ணன் அவரை போன் முன்னால் நிறுத்தினார். இரண்டு பேருக்கும் எங்களை நிறுத்தி வைத்துக் காட்டுவது தேவையாக இருந்தது. என் ஆராய்ச்சியை நான் உட்கார்ந்து முடிக்க நினைக்கிறேன்.

இது புகார் இல்லை. கட்டத்தில் மூன்று சொல்லுக்குத்தான் இடம் இருந்தது.

இப்படிக்கு
வீ. விஜயராணி


சிவன்மலையான் துணை

திருப்பூர்
26-11-2025

சித்ராவுக்கு,

அம்மாவுக்குச் சளி. எனக்கும் மனசு சரியில்லை.

விஜயராணியின் கடித நகலும், அதன் மேல் நீ எழுதியிருந்த ‘இதெல்லாம் ஒரு காரணமா?’ என்ற ஒரு வரியும் வந்தன. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ரொம்பப் படித்துவிட்டால் இப்படித்தான் எழுத்துக்கு எழுத்து நொட்டை சொல்லத் தோன்றும் என்று நினைத்தேன். பிறகு நீ எனக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ‘கூரியர்க்காரர் போனார்’ என்று எழுதியிருக்கிறாய். அதே காகிதத்தில் ‘சைக்கிளில் கொண்டுபோய் விட்டான்’ என்றும் எழுதியிருக்கிறாய். நான் எழுதியது என் கையில் இல்லை. இருந்தாலும் தெரியும்.

சரி, ஒரு எழுத்துதானே, மாற்றிப் பார்ப்போம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை கட்டிங் ஹாலுக்குப் போனேன். இருபது பேர் இருந்தார்கள். “வீரணன், வாங்க. இப்படி உட்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கத்தரி மெஷின் நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வீரணன் முகம் வெளுத்துப் போயிற்று. “மொதலாளி, ஏதாச்சும் தப்பு நடந்துபோச்சுங்களா?” என்றான். இல்லை, என்றார். எழுதும்போதே கை முந்திக்கொண்டு போகிறது, பார்.

எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்பா காலத்திலிருந்து நம் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டு நிறுத்துகிற ஆளைத்தான் உள்ளே கூப்பிட்டு, “வாங்க, உட்காருங்க” என்போம். அது வரைக்கும் எல்லாம் வா, போ தான். நானும் அதையே செய்து வந்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை பேரை அப்படி உட்கார வைத்து அனுப்பியதை அவர் பார்த்திருப்பார்.

“அதெல்லாம் இல்லீங்க, சும்மா உட்காருங்க” என்று சொல்லச் சொல்ல நிலைமை மோசமாயிற்று. நான் எத்தனை ‘ங்க’ போட்டேனோ அத்தனைக்கும் அவர் நடுங்கினார். “பொண்ணு எழுதுனதுக்காகங்களா? சரிங்க, நானே நின்னுக்கிறேனுங்க” என்று கத்தரியைத் துடைத்து டேபிள் மேல் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே போய் “டேய் வீரணா, நில்லு” என்று கத்தியிருந்தால் நின்றிருப்பார். எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் லைன் வீட்டுக்குப் போனேன். ராமாயி கதவைப் பாதி திறந்து, “அவுக வேலைக்குப் போயிட்டாக” என்றார். வேறு கம்பெனியில் அன்றைக்கே எடுத்துக்கொண்டார்களாம். நீ தொடங்கியது இது. உன் பயிற்சி எனக்கு ஒரு கட்டிங் மாஸ்டரை இல்லாமல் பண்ணிவிட்டது. அந்தக் கையெழுத்தைப் போடுவாயோ மாட்டாயோ, என்னிடம் யோசனை கேட்காதே.

ராஜவேல்


திருப்பூர்
9-12-2025

சித்ராவுக்கு வீரணன் எழுதிக்கொண்டது.

நானும் ராமாயியும் சுகம். உன் அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. போய்க் கேட்கிற இடமாக இப்போது அது இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்துப் பிழை இருக்கும். விஜயராணிக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நீ சின்னப் பிள்ளையில் என்னை வாடா என்றதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு அழுதாயாம். அது வேண்டாத வேலை. ராஜவேலு வீட்டுக்கு வந்தானாம், ராமாயி சொன்னாள். அவன் என்னை நிறுத்தவில்லை என்று இப்போது தெரிகிறது. தெரிந்தாலும் இனி அங்கே வரவில்லை. புது இடத்தில் என்னை மாஸ்டர் என்கிறார்கள். யாரும் தேடி வர வேண்டாம் என்று அவனிடம் சொல்.

என் மகள் படிவம் உன்னிடம் மூன்று மாதமாக இருக்கிறது. அவள் சோறு தின்பதில்லை. கம்பெனியில் துணி வெட்டப் போகிறேன் என்கிறாள். நான் விடமாட்டேன்.

கையெழுத்துப் போடு. கடைசித் தேதி வரைக்கும் வைத்துக்கொண்டிருக்காதே.

வீரணன்


கோவை
19-12-2025

அண்ணனுக்கு,

அம்மாவின் சளி குறைந்ததா? நான் சுகம் என்று எழுதினால் பொய்.

வீரணன் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை. யாரும் தேடி வர வேண்டாம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

கடிதத்தின் கடைசியில் ‘கையெழுத்துப் போடு’ என்று இருந்தது. படித்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? வெட்கம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம் வந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. யாரைப் பார்த்துப் ‘போடு’ என்கிறான், நீ நான் என்கிறான், உங்களை ‘வந்தானாம்’ என்கிறான், இவனுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தனியாக நின்று வாய்விட்டே திட்டினேன். அன்றைக்கு மதியம்தான் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சமத்துவம் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தேன்.

படிவத்தை நான்கு நாள் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். டிசம்பர் 31 தாண்டட்டும், அப்போது தெரியும் என்றுகூட நினைத்தேன். உங்களிடம் சொல்ல என்ன, நினைத்தேன்.

நேற்று அந்தக் கடிதத்தை எடுத்து, அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றிப் படித்துப் பார்த்தேன். ‘கையெழுத்துப் போடுங்க பாப்பா.’ படித்த அந்தக் கணமே கோபம் இறங்கிவிட்டது. மனம் இளகி, பேனாவைத் தேடிக் கைகூடப் போய்விட்டது. அப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பேன். போட்டுவிட்டு அதையும் ஒரு மேடையில் சொல்லியிருப்பேன். மூன்று மாதமாக ஒரு பெண்ணின் படிப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு நான் எதற்குக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அதனால் மறுபடி ‘போடு’ என்றே படித்தேன். கோபம் திரும்ப வந்தது. அந்தக் கோபத்தோடேயே கையெழுத்துப் போட்டேன். காரணக் கட்டத்தில் அவள் எழுதியதை நான் திருத்தவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் அதன் அர்த்தம் என்னவென்று கேட்டார்கள். எனக்குத் தெரியும், அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்றேன். இன்று காலை விஜயராணி வந்து ரசீது வாங்கிக்கொண்டு போனாளாம். என் அறை பக்கத்து வராந்தாவில்தான் இருக்கிறது. உள்ளே வரவில்லை.

மதிப்பீட்டுக் குழு முன்னால் மறுபடி ஒரு முறை அந்த வீட்டுக் கதையைச் சொல்லச் சொல்கிறார் துணைவேந்தர். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.

சித்ரா